முதல் பீஸ்

கம்ப்யூட்டரில் ஜாப் போட பார்ட் நம்பரும் எண்ணிக்கையும் அடித்தால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். டிரெய்னிங் போன இடத்தில் 20 பம்ப் ஷாஃப்டுக்கு டர்னிங், கீவே, கிரைண்டிங் என ஆபரேஷன்களை வரிசையாகக் கொடுத்து, இன்ஸ்பெக்ஷனைக் கடைசியில் மட்டும் வைத்தேன்.

பேரிங் உட்காரும் இடம் 25 எச்7. அதாவது 24.979 முதல் 25.000 மி.மீ.க்குள். கிரைண்டிங்குக்கு 0.3 விட்டு டர்னிங்கில் 25.3 வைக்க வேண்டும். வந்ததோ 24.9! கூடினால் தேய்க்கலாம், குறைந்ததை எங்கே போய் ஒட்டுவது? கீவே வெட்டிய கூலியும் போச்சு.

சூப்பர்வைசர் திட்டவில்லை. "டர்னிங்லயே முதல் பீஸுக்கு ஒரு செக் வை தம்பி" என்றார். மேல் எல்லை 25.35, கீழ் எல்லை 25.25, கருவி மைக்ரோமீட்டர் என்று பதிந்தேன். அதோடு ஹோல்டு, முதல் பீஸ் ஓ.கே. ஆகாமல் ஜாப் நகராது.

மறு ஜாபில் முதல் பீஸ் 25.42. திரை சிவந்து நின்றது. ஆபரேட்டர் ஆஃப்செட்டைத் திருத்தினார்.