என்டர் தட்டினால் எங்கே போகணும்?

“பில் திரை வசதியா இல்ல, கொஞ்சம் மாத்திக் கொடுங்க” என்று கடைக்காரர் புரோகிராமருக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போடுவார். அவரும் எதையோ மாற்றி அனுப்புவார். “நான் இதைக் கேட்கலையே” என்று அடுத்த பதிவு போகும்.

அதையே இப்படி எழுதலாம்: “விற்பனை பில் திரை. அளவுக் கட்டத்தில் எண்ணை அடித்து என்டர் தட்டினால் கர்சர் விலைக் கட்டத்தில் நிற்கிறது. பொருளைத் தேர்ந்தெடுத்ததுமே விலை வந்துவிடுவதால் அங்கே நமக்கு வேலையில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் கூடுதலாக ஒரு என்டர். மாலைக் கூட்டத்தில் இதனால் வரிசை தேங்குகிறது. கர்சர் நேராக அடுத்த வரிக்குப் போகணும். மொத்த வியாபாரிக்கு மட்டும் விலையைக் கையால் மாற்றுவோம். அந்த பில்லில் இப்போது போலவே நிற்கட்டும்.”

எந்தத் திரை, என்ன செய்தால் என்ன நடக்கிறது, என்ன நடக்கணும் என்பதெல்லாம் இதில் வந்துவிட்டது. பலரும் விட்டுவிடுவது ‘ஏன்’ என்பதைத்தான். வரிசை தேங்குவதுதான் சிக்கல் என்று தெரிந்தால், பார்கோடு வைத்தால் அளவையே அடிக்க வேண்டாமே என்று புரோகிராமர் இன்னும் நல்ல வழி சொல்லக்கூடும். கடைசி வரிக்கும் தனி மதிப்பு உண்டு. விதிவிலக்கு கடைக்காரருக்கு மட்டுமே தெரியும். அதைச் சொல்லாவிட்டால் சில்லறை பில் வேகமாகி, மொத்த பில் முடங்கும்.

கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். விண்டோஸ் விசையோடு ஷிஃப்ட், எஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுக்கலாம். இடத்தைச் சிவப்பில் வட்டமிடுங்கள், வாடிக்கையாளரின் போன் நம்பரை மறையுங்கள். (மானிட்டரை மொபைலில் படமெடுத்து அனுப்பும் பழக்கம் மட்டும் வேண்டாம்.)

‘எழுத்து மங்கலா இருக்கு’ என்பது போன்ற புகாரில் ஆளுக்கொரு கருத்து இருக்கும். டபிள்யூசிஏஜி என்ற அணுகல் வழிகாட்டி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு கேட்கிறது. அந்த எண்ணை எழுதிவிட்டால் பேச்சு முடிந்தது.

இப்படிக் கோரிக்கைகளைப் பதிந்து வைக்கவென்றே பக்ஸில்லா, ஜிரா போன்ற மென்பொருள்கள் உண்டு. சின்னக் கடைக்கு இருவரும் திறக்கக்கூடிய ஒரு கூகுள் ஷீட் போதும். ஒரு வரிக்கு ஒரு கோரிக்கை, எண், தேதி, நிலை. ஐந்தை ஒரே பத்தியில் கொட்டினால் மூன்றுதான் செய்து வரும். மனம் மாறினால் பழையதை அழிக்காமல், தேதி போட்டுக் கீழே எழுதுங்கள். புரோகிராமர் எதை நம்பி வேலை செய்தார், எதற்குக் கூலி என்ற தகராறு வராது.

புதுப் பதிப்பு வந்ததும் ஷீட்டில் உள்ள அந்தக் கோரிக்கை வரியை வைத்துக்கொண்டே சோதியுங்கள். சில்லறை பில் ஒன்று, மொத்த பில் ஒன்று போட்டுப் பார்த்து, இரண்டும் சரியாக வந்த பிறகே ‘முடிந்தது’ என்று குறியுங்கள்.