வீட்டுச் சொல்லும் வெளிச் சொல்லும்

அரபு இலக்கணத்தில் 'தர்கீம்' என்றொரு பாடம் உண்டு. ஒருவரை விளிக்கும்போது அவருடைய பெயரின் கடைசி எழுத்தை விட்டுவிட்டு அழைப்பதற்கு அப்பெயர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியாரை 'யா ஆயிஷ்' என்று அழைத்த ஹதீஸையே வகுப்பில் இதற்குச் சான்றாகக் காட்டுவோம். இலக்கணத்திற்கு அது ஓர் எழுத்தின் குறைவு. அந்த வீட்டிற்கோ அன்பின் மிகுதி.

ஒவ்வொரு குடும்பத்திற்கும் இத்தகைய தனிச்சொற்கள் உண்டு. அவற்றின் பொருளை அகராதி தராது. அச்சொல் பிறந்த நாளில் உடனிருந்தவர்களே அறிவர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இளமையில் ஒரு பயணத்தின்போது நபியவர்களுடன் ஓடி வென்றார்கள். பின்னர் உடல் பருத்திருந்த காலத்தில் மீண்டும் ஓடியபோது நபியவர்கள் முந்தினார்கள். அதற்கு இது ஈடு என்றார்கள். இடையில் கழிந்த காலமனைத்தும் அச்சிறு சொல்லுக்குள் அடங்கிவிட்டது. அன்னையார் மனம் மகிழ்ந்திருந்தால் முஹம்மதின் இறைவன் மீதும், வருத்தமுற்றிருந்தால் இப்ராஹீமின் இறைவன் மீதும் ஆணையிடுவார்கள். அந்தக் குறிப்பைத் தாம் அறிந்திருப்பதாக நபியவர்கள் கூறியபோது, தாம் விடுவது பெயரை மட்டுமே என்று அன்னையார் மறுமொழி தந்தார்கள். ஊடலுக்கும் ஒரு வீட்டுமொழி இருந்ததை இங்கே காண்கிறோம்.

அனஸ் (ரலி) அவர்களின் சின்னஞ்சிறு தம்பி அபூ உமைர், 'நுகர்' என்னும் சிறுபறவையொன்றை வளர்த்து வந்தார். அது இறந்துவிட்டது. நபியவர்கள் அப்பறவையின் பெயரை 'நுகைர்' எனக் குறுக்கி, உமைருக்கு எதுகையாக்கி நலம் கேட்டார்கள். ஹிஜ்ரீ 335இல் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் அவர்கள், இந்த ஹதீஸிலிருந்து அறுபது பயன்களை எடுத்துக்காட்டித் தனிநூல் யாத்தார்கள்.

இச்சொற்களுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அலீ (ரலி) அவர்கள் ஒருநாள் இல்லத்தில் சிறு மனத்தாங்கல் ஏற்பட்டுப் பள்ளிவாசலில் வந்து படுத்திருந்தார்கள். மேலாடை நழுவி, உடலில் மண் ஒட்டியிருந்தது. தேடிவந்த நபியவர்கள் தம் கையால் மண்ணைத் துடைத்து, 'அபூ துராப்' (மண்ணின் தந்தை) என அழைத்து எழுப்பினார்கள். அலீ (ரலி) அவர்களுக்கு அதைவிட உவப்பான பெயர் வேறில்லை. ஆனால், பின்னாளில் மர்வான் குடும்பத்து மதீனா ஆளுநர் ஒருவர், ஸஹ்ல் (ரலி) அவர்களிடம் அப்பெயரைச் சொல்லியே அலீ (ரலி) அவர்களைச் சபிக்குமாறு பணித்தார். ஸஹ்ல் (ரலி) அவர்கள் மறுத்து, அப்பெயர் பிறந்த வரலாற்றை எடுத்துரைத்தார்கள். மண்ணைத் துடைத்த கையை மறந்துவிட்டால், எஞ்சுவது மண் மட்டுமே.

ஒருவரையொருவர் பட்டப்பெயர்களால் அழைக்காதீர் என்னும் தடை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனத்தில் உள்ளது. பனூ ஸலமா குலத்தில் ஒருவருக்கே இரண்டு மூன்று பெயர்கள் வழங்கின. அவற்றுள் சில, அழைக்கப்பட்டவருக்குச் சினமூட்டின. அதையொட்டியே இவ்வசனம் அருளப்பெற்றதாக அறிவிப்பு உண்டு. ஆகவே, அழைப்பவரின் நோக்கத்தைவிட அழைக்கப்படுபவரின் உள்ளமே இங்கு அளவுகோல்.

இதை நாம் கிதாபில் ஓதுவதற்கு முன்பே வீட்டில் கற்றோம். நம் இளவல் மழலையில் நோன்புக் கஞ்சியைத் 'தஞ்சி' என்பார். அதுவே அவருக்குச் செல்லப்பெயராயிற்று. உம்மா அப்படி அழைத்தால் ஓடிவருவார். அதைப் பள்ளிக்கூடத்தில் நாம்தாம் வேடிக்கையாகச் சொல்லி வைத்தோம். மறுவாரமே, வீட்டிலும் அப்படி அழைக்க வேண்டாமென்று அவர் அழுதார். வாப்பா அன்றோடு அச்சொல்லை நிறுத்தினார்கள். உம்மா ஒரு செல்லச்சொல்லை இழந்தார்கள். இழக்கச் செய்தவர் நாம்.

வீட்டுச்சொல் ஓர் அமானிதம். அது பிறந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம். உரியவர் உவக்கும் வரை வழங்குவோம். அவர் முகம் வாடினால் அன்றே விட்டுவிடுவோம்.