மகமையோடு முடிந்துவிட்டதா நம் கடமை?



இரவு கடையை எடுத்து வைத்துவிட்டுக் கல்லாவை எண்ணும்போது நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தப் பணம் முழுவதும் நம்முடையதுதானா?

"முதல் போட்டேன், இராப்பகலாக உழைத்தேன், நட்டம் வந்தால் நானே தாங்குகிறேன். பிறகு யாருடையதாம்?" என்று நம்மில் பலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் தராசைச் சற்று உற்றுப் பாருங்கள். மாதச் சாமான் போடுகிறவர் துவரம் பருப்பைக் கிலோ கணக்கில் வாங்குகிறார். அன்றன்று கூலி வாங்கி அடுப்பு மூட்டுகிறவர் ஐம்பது கிராம், நூறு கிராம் என்று வாங்குகிறார். பொட்டலக் கூலி, காகிதம், எடைச் சேதாரம் எல்லாம் கழித்தும் சில்லறைப் பொட்டலத்தில் சில காசு கூடுதலாக நிற்பது நமக்குத் தெரியாததல்ல. ஆக, மொத்தமாக வாங்க வசதியில்லாதவர்தான் அதே பருப்புக்கு அதிக விலை கொடுக்கிறார். நம் செல்வத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்பது வெறும் உபதேசம் அல்ல, கணக்கு.

இந்தக் கணக்கை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம் போன்ற ஊர்களில் 19ஆம் நூற்றாண்டிலேயே சரக்கு வரும்போதும் போகும்போதும் மகமை எடுத்துப் பொதுநிதி சேர்த்தார்கள். விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை எழுந்ததும் நடந்ததும் இந்த மகமையால்தான். பெண்கள் சமைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்த பிடி அரிசியும் அதற்கு உதவிற்று. சிறு வயதிலேயே தந்தையை இழந்த காமராசர் அந்தப் பள்ளியில் படித்தவர். 1956இல் முதலமைச்சராக அவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடச் செய்தார். ஊரார் எடுத்து வைத்த பிடி அரிசி எங்கே போய் நின்றது பார்த்தீர்களா!

ஆனால் மகமை கொடுத்ததோடு நம் கடமை தீர்ந்துவிட்டதா? மகமை சரக்கின் மீது விழுவது. வியாபாரத்தோடு வியாபாரமாகப் போய்விடுவது. நம் சொந்தப் பெட்டியிலிருந்து என்ன போயிற்று? இங்கேதான் வள்ளல் அழகப்பச் செட்டியாரை நினைக்க வேண்டும். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். தாம் குடியிருந்த வீட்டையும் கல்விக்கே கொடுத்த அவர், 1957இல் மறைந்தபோது 50 வயதுகூட நிறையவில்லை. "வயதான பிறகு செய்துகொள்ளலாம்" என்று அவர் தள்ளிப் போடவில்லை.

நம்மால் அந்த அளவுக்கு முடியாது. ஆனால் முடிந்ததையாவது நேர்மையாகச் செய்ய வேண்டாமா? வசூலாகாத பாக்கியைத் தள்ளுபடி செய்துவிட்டுத் தர்மம் என்று சொல்லிக்கொள்கிறோம். அது வாராக் கடன். வண்டு விழுந்த அரிசியைக் கொடுத்துவிட்டுத் தானம் என்கிறோம். அது கழிவு. நமக்குப் பயன்படக்கூடியதை, நம் பங்கிலிருந்து எடுத்துக் கொடுப்பதே கொடை.

இதற்கு வழி எளிது. பேரேட்டில் நம் வீட்டுச் செலவுக்குப் பற்று எழுதுகிறோம் அல்லவா? அதற்கு அடுத்த பக்கத்தில் தர்மக் கணக்கு என்று ஒன்று திறங்கள். வீட்டுக்கு நூறு ரூபாய் எடுத்தால் அங்கே இரண்டோ மூன்றோ வரவு வையுங்கள். கடை உண்டியலில் சில்லறை விழுந்த காலம் போய், பணம் கைப்பேசி வழியாக வருகிற காலம் இது. ஆகவே உண்டியலை நம்பாமல் கணக்கை நம்புங்கள். வருடக் கடைசியில் மிஞ்சினால் பார்க்கலாம் என்றால் எந்த வருடமும் மிஞ்சாது.

யாருக்குக் கொடுப்பது என்று தேட வேண்டியதில்லை. நம் கடையில் மூட்டை தூக்குகிறவரின் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், பொட்டலம் மடிக்கும் அம்மாவுக்கு வைத்தியச் செலவு என்று தேவை நம் வாசலிலேயே நிற்கிறது. கொடுக்கும்போது நாலு பேர் அறியக் கொடுத்து அவர்களைத் தலைகுனிய வைக்காதீர்கள். அவர்கள் பாக்கியைத்தான் நாம் தீர்க்கிறோம்.

கடன்பட்டவன் பாக்கியை ஒழுங்காகத் தீர்த்தால் அவனை நாணயஸ்தன் என்கிறோம். ஏழைகளிடம் நாம் பட்டிருக்கும் கடனிலும் அந்த நாணயம் விளங்கட்டும்.