கோலின் நிறையும் சமநிலையும்

கீரிமலைச் சுற்றாடலிலுள்ள தோட்டக் கிணறுகளில் முன்னாளில் துலா இருந்தமையை மூத்தோர் அறிவர். ஒருவரே பற்றியிழுக்கும் சிறு துலாவின் அடிமரத்திலே பாரம் கட்டுவார்கள். அப்பாரத்தைச் சற்று முன்னோ பின்னோ நகர்த்திவிட்டால், அதன் நிறை சிறிதும் மாறாதிருந்தும், இறைப்பவரின் கைக்கு வேலை மாறிவிடும்.

பில்லியர்ட்ஸ், பூல் ஆகிய மேசைப் பந்தாட்டங்களுக்குரிய கோலின் இயல்பும் இதுவே. நம் நாட்டவரான எம். ஜே. எம். லபீர் 1973ஆம் ஆண்டிலே பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றதன் பின்னர் இவ்வாட்டம் நமக்கு அந்நியமன்று.

தமக்கெனக் கோல் செய்விப்போர் முதலில் கேட்பது, “எத்தனை அவுன்சு?” என்பதே. பூல் கோல் பெரும்பாலும் 18 முதல் 21 அவுன்சு வரை இருக்கும். ஆயின் அவ்வெண் பாதிச் செய்தியையே கூறும். கோலைக் கிடையாக ஒரு விரலின்மேல் வைத்து, அது சாயாது நிற்கும் இடத்தைப் பாருங்கள். அதுவே சமநிலைப் புள்ளி. அது முன்தள்ளியிருந்தால், மேசைமேல் ஊன்றிய கையில் கோல் அழுந்திக் கிடக்கும். பின்தள்ளியிருந்தால், முனை இலேசாகி, பதறும் கையுடன் தானும் பதறும்.

நிறை போதாதென்று அடியிலே இரும்புத் திருகாணி ஏற்றுவது வழக்கம். 18 அவுன்சு நிறையுடைய கோலொன்று அடியிலிருந்து 19 அங்குலத்தில் சமன்படுகிறதென்று கொள்வோம். அதன் அடி நுனியில் ஓர் அவுன்சு சேர்த்தால், நிறை 19 ஆகும். சமநிலைப் புள்ளியோ 18ஆம் அங்குலத்துக்குப் பின்வாங்கும். நிறையை மட்டுமே விரும்பியவர் கேளாத மாற்றமொன்றையும் உடன்பெறுகிறார்! கடையில் இதனை எடுத்துச் சொல்வோர் சிலரே.

ஆதலின் நல்ல தச்சர் மரத்திலேயே கணக்கைத் தொடங்குவார். முன்பாகத்துக்கு மேப்பிள், அது கனஅடிக்கு ஏறக்குறைய 44 றாத்தல். அடிப்பாகத்துக்குப் புகழ்பெற்றது நமது வன்னிக் காடுகளிலும் வளரும் கருங்காலி. அது கனஅடிக்கு ஏறக்குறைய 70 றாத்தல். நீரோ 62 றாத்தலே. கீரிமலைக் கேணியில் இட்டால் மேப்பிள் மிதக்கும், வைரமேறிய கருங்காலி தாழும். அடிப்பாகம் முழுவதையும் கருங்காலியாற் செய்தால் கோல் பின்புறம் கனத்துவிடும். எனவே நடுவிலே இலேசான மரத்தைச் செருகி, கருங்காலியை மேலுறைபோல் அமைப்பதும் உண்டு.