மூங்கில் குச்சியில் தொடங்கிய வாள்!

குட்டீஸ், ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போயிருக்கிறீர்களா? பெரம்பலூரில் இருந்து சென்னை போகும் நெடுஞ்சாலைக்குக் கொஞ்சம் தள்ளி, அகழியோடு இருக்கிறதே, அந்தக் கோட்டைதான். 1751ல் சந்தா சாகிப்பின் படையும் முகமது அலியின் படையும் மோதிய வாலிகண்டபுரம் போர் இந்தப் பக்கம்தான் நடந்தது. ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரர்கள், இன்னொரு பக்கம் ஆங்கிலேயர்கள்.

அந்தக் காலத்துக் குதிரை வீரர்களின் முக்கிய ஆயுதம் என்ன தெரியுமா? லேசாக வளைந்த வாள். குதிரை ஓடும் வேகத்திலேயே வீசி வெட்ட வசதியானது. அதன் ஐரோப்பியப் பெயர் 'சேபர்'. போர்கள் எல்லாம் துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் மாறிய பிறகு, இந்த வாள் விளையாட்டு மைதானத்துக்கு வந்துவிட்டது. இன்று ஒலிம்பிக்கில் ஃபாயில், எப்பி, சேபர் என்று மூன்று வகை வாள்வீச்சுப் போட்டிகள் உண்டு. அதில் சேபர்தான் படுவேகம்!

அந்தச் சேபரைப் பிடித்து ஒலிம்பிக் வரை போன முதல் இந்தியர், நம் தமிழ்நாட்டுப் பெண். பெயர் பவானி தேவி. அவர் கையில் முதலில் இருந்தது வாள் இல்லை, மூங்கில் குச்சி!

பவானி 1993 ஆகஸ்ட் 27ல் சென்னையில் பிறந்தார். அப்பா கோவில் அர்ச்சகர். அம்மா ரமணி இல்லத்தரசி. ஐந்து பிள்ளைகளில் பவானிதான் கடைக்குட்டி. வீட்டில் பணம் தாராளமாகப் புழங்கவில்லை.

2004ல் ஆறாம் வகுப்பு படிக்கும்போது, பள்ளியில் விளையாட்டுக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார்கள். மொத்தம் ஆறு விளையாட்டு. பவானி போவதற்குள் ஐந்தில் இடம் நிரம்பிவிட்டது. மிச்சம் இருந்தது வாள்வீச்சு மட்டும்! அது என்ன விளையாட்டு என்று அங்கே யாருக்கும் சரியாகத் தெரியாது. சரி, இதையாவது பார்ப்போமே என்று சேர்ந்துவிட்டார்.

சேரும்போது இன்னொரு சிக்கல். இது செலவு பிடிக்கும் விளையாட்டு என்பதால் அப்பாவின் வருமானம் எவ்வளவு என்று கேட்டார்களாம். உள்ளதைச் சொன்னால் இடம் கிடைக்காதே! அதனால் வருமானத்தைக் கொஞ்சம் கூட்டியே சொல்லிவிட்டதாகப் பின்னாளில் பேட்டிகளில் அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். (நீங்கள் இதைப் பார்த்துப் பொய் சொல்லக் கிளம்பிவிடாதீர்கள். அப்புறம் உங்கள் அம்மா என்னைத்தான் திட்டுவார்!)

நிஜமாகவே செலவு பிடிக்கும் விளையாட்டுதான். ஏன் என்று சொல்கிறேன்.

சேபர் வாள் அரைக்கிலோ எடைக்குள், 105 சென்டிமீட்டர் நீளத்துக்குள் இருக்க வேண்டும். கூர்மை கிடையாது, நுனி மழுங்கல். முகத்துக்குக் கம்பி வலை போட்ட முகமூடி. உடம்புக்குக் கெட்டியான உடை. அதன் மேல் உலோக இழை கலந்த ஒரு சட்டை. முதுகுப் பக்கமாக ஒரு ஒயர். எதிராளியின் வாள் உங்கள் உலோகச் சட்டையைத் தொட்ட அந்த நொடியே மின்சாரம் பாய்ந்து விளக்கு எரியும். ஒருவருக்குச் சிவப்பு, மற்றவருக்குப் பச்சை. பயப்படாதீர்கள், ஷாக் அடிக்காது!

இடுப்புக்கு மேல் எங்கே பட்டாலும் புள்ளிதான், தலையும் சேர்த்து. மணிக்கட்டுக்குக் கீழே உள்ள கைப் பகுதிக்கு மட்டும் விலக்கு. இடுப்புக்குக் கீழே பட்டால் ஒன்றும் இல்லை. குதிரைமேல் உட்கார்ந்து சண்டை போட்ட காலத்தின் ஞாபகம் இது என்று ஒரு கதை சொல்வார்கள்.

இரண்டு விளக்கும் சேர்ந்து எரிந்தால்? அங்கேதான் சேபரின் சூட்சுமம். யார் முதலில் தாக்குதலைத் தொடங்கினாரோ அவருக்கே புள்ளி. ஆனால் எதிராளி அந்த வாளைத் தன் வாளால் தடுத்துவிட்டால், உரிமை அவர் பக்கம் போய்விடும். கபடியில் ரெய்டு கைமாறுகிறதே, அதுபோல. வித்தியாசம் என்னவென்றால், இங்கே அது கண் இமைக்கும் நேரத்தில் கைமாறும். முதலில் 15 புள்ளி எடுப்பவர் ஜெயித்தார்.

இத்தனை சாமான்களுக்கும் பவானி எங்கே போவார்? மின் வாள் உடைந்தால் இன்னொன்று வாங்க முடியாது. அதனால் வாளைப் போட்டிக்கு மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, தினசரிப் பயிற்சிக்கு மூங்கில் குச்சிதான்! அம்மா நகையை அடகு வைத்து மகளை அனுப்பியிருக்கிறார்.

14 வயதில் முதல் வெளிநாட்டுப் போட்டி, துருக்கியில். அங்கே என்ன நடந்தது தெரியுமா? மைதானத்துக்கு மூன்று நிமிடம் தாமதமாகப் போய்விட்டார். நடுவர் எடுத்து நீட்டினார், கறுப்பு அட்டை. வாள்வீச்சில் அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. ஆட்டத்திலேயே இடமில்லை, வெளியே போ என்று அர்த்தம். அரியலூர் பஸ்ஸை மூன்று நிமிடத்தில் தவறவிட்டால் அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். அவ்வளவு தூரம் போய், ஒரு முறைகூட வாளை வீசாமல் அந்தப் பெண் திரும்பினாள்.

பத்தாம் வகுப்பு முடித்ததும் கேரளாவின் தலச்சேரிக்குப் போனார். அங்கே இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையம். பயிற்சியாளர் சாகர் லாகு. வீட்டை விட்டு, மொழி தெரியாத ஊரில் விடுதி வாழ்க்கை. 2009ல் மலேசியாவில் நடந்த காமன்வெல்த் ஜூனியர் போட்டியில் வெண்கலம் கிடைத்தது. 2014ல் 23 வயதுக்கு உட்பட்டோருக்கான ஆசியப் போட்டியில் வெள்ளி. எந்த இந்தியரும் அதுவரை எடுக்காத பதக்கம் அது. அமெரிக்காவில் பயிற்சி எடுக்க அப்போதைய முதல்வர் ஜெயலலிதா 3 லட்சம் ரூபாய் கொடுத்தார். அதன் பிறகு இத்தாலியில் லிவோர்னோ நகரில் நிக்கோலா சனோட்டி என்பவரிடம் பயிற்சி.

2016 ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி கிடைக்கவில்லை. 2017ல் ஐஸ்லாந்தில் நடந்த சாட்டிலைட் போட்டியில் தங்கம்! 2018ல் கான்பெராவில் காமன்வெல்த் சாம்பியன்! 2019ல் அப்பா காலமானார். அவர் பார்க்க ஆசைப்பட்ட ஒலிம்பிக் அதற்குப் பிறகுதான் வந்தது.

கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போன டோக்கியோ ஒலிம்பிக். 2021 ஜூலை 26. முதல் ஆட்டம் துனிசியாவின் நாடியா பென் அசிசியுடன். எட்டுப் புள்ளி வந்ததும் ஒரு நிமிட இடைவேளை விடுவார்கள். அப்போது ஸ்கோர் என்ன தெரியுமா? 8-0! கடைசியில் 15-3. ஒலிம்பிக் வாள்வீச்சில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் வெற்றி.

அடுத்து வந்தவர் பிரான்சின் மனோன் புருனே. அப்போது உலகத் தரவரிசையில் மூன்றாம் இடம். இடைவேளையில் 2-8. அதன் பின் ஐந்து புள்ளி எடுத்தும், 7-15ல் ஆட்டம் முடிந்தது. அன்று பவானி இணையத்தில் ஒரு செய்தி போட்டார். என்னால் முடிந்ததைச் செய்தேன், ஆனாலும் ஜெயிக்க முடியவில்லை, மன்னித்துவிடுங்கள் என்ற பொருளில். எனக்கு அதைப் படித்ததும் கஷ்டமாகப் போய்விட்டது. நாட்டில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு விளையாட்டு இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். அவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? 'பெருமைப்படுகிறோம்' என்று நாலாபக்கமும் இருந்து பதில் குவிந்தது. அந்த ஆண்டே அர்ஜுனா விருதும் வந்தது.

இன்னொரு வேடிக்கையான பொருத்தம் சொல்லட்டுமா? பெண்களுக்கான சேபர் போட்டி ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடந்தது 2004, ஏதென்ஸில். அதே ஆண்டுதான் சென்னையில் பவானி மூங்கில் குச்சியைப் பிடித்தார்! எட்டே ஆண்டில், 2012 லண்டனில், தென்கொரியாவின் கிம் ஜி-யான் அந்தத் தங்கத்தை ஆசியாவுக்குக் கொண்டுவந்தார். கொரியாவின் ஓ சாங்-உக் 2024 பாரிஸில் ஆண்கள் சேபரில் தனிநபர் தங்கம், குழுத் தங்கம் இரண்டையும் அள்ளினார். ஆனால் கொரியாவில் ஒருவர் ஜெயித்தால், அவரோடு தினமும் மோதிப் பழக அதே அளவு பலமான வீரர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பவானிக்கு அந்த வசதி இல்லை. அதற்காகவே ஊர் ஊராக, நாடு நாடாகப் போக வேண்டியிருந்தது.

2023 ஜூன், சீனாவின் வூசி நகரம், ஆசிய சாம்பியன்ஷிப். காலிறுதியில் எதிரே நின்றவர் ஜப்பானின் மிசாகி எமுரா, அப்போதைய உலகச் சாம்பியன்! அதுவரை அவரோடு மோதியபோதெல்லாம் பவானிக்குத் தோல்விதான். இந்த முறை 15-10 என்று ஜெயித்தே விட்டார். அரையிறுதியில் உஸ்பெகிஸ்தானின் சைனப் தாயிபெகோவாவிடம் 14-15. ஒரே ஒரு புள்ளி! அந்த வெண்கலம்தான் ஆசிய சாம்பியன்ஷிப்பில் இந்தியாவின் முதல் வாள்வீச்சுப் பதக்கம். அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காலிறுதியோடு நின்றது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி கிடைக்கவில்லை.

சேபர் ஆட்டம் எவ்வளவு கஷ்டம் என்று தெரிய வேண்டுமா? குச்சி எதுவும் வேண்டாம், முகமூடி இல்லாமல் அது ஆபத்து. ஒரு துண்டு சுண்ணாம்பும் ஒரு நண்பனும் போதும். பள்ளி மைதானத்தில் 14 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலத்துக்குக் கோடு போடுங்கள். நடுவில் இருந்து இரு பக்கமும் இரண்டு மீட்டர் தள்ளி ஆளுக்கு ஒரு கோடு. அங்கே நின்று, முழங்காலை மடக்கி, நண்பனின் தோளைத் தொடப் பாருங்கள். ஒரே விதி: முன்னால் போகும்போது பின்கால் முன்காலைத் தாண்டக் கூடாது. சேபரில் அது தப்பு. 15 தொடுதல் வரை ஆடிப் பார்த்துவிட்டு, முழங்கால் என்ன சொல்கிறது என்று எழுதி அனுப்புங்கள்!