மாத்திரையில் 500 மில்லிகிராம் இருக்கிறதா? வைட்டமின் சி-யை அளப்பது எப்படி?

அளவையிலும் நிறுவையிலும் குறைவு செய்பவர்களை எச்சரித்தே தொடங்குகிறது திருக்குர்ஆனின் 83வது அத்தியாயமான ஸூரத்துல் முதஃப்பிஃபீன். நபி ஷுஐப் (அலை) அவர்கள் மத்யன் மக்களை ஏகத்துவத்தின் பக்கம் அழைத்தபோது, அளவை நிறைவாகக் கொடுக்கும்படியும் கட்டளையிட்டார்கள். அரிசியும் இறைச்சியும் வாங்கும்போது நாம் தராசு முள்ளைப் பார்க்கிறோம். ஆனால் மருந்துக் கடையில் வாங்கும் வைட்டமின் சி மாத்திரையின் மேல் '500 மி.கி.' என்று அச்சிட்டிருப்பதை எந்தத் தராசில் சரிபார்ப்பது?

மாத்திரையை அப்படியே நிறுத்துப் பயனில்லை. இனிப்பு, நிறம், மாவுப்பொருள் எல்லாம் சேர்ந்துதான் அதன் எடை. அவற்றுக்கு நடுவே வைட்டமின் சி எனும் அஸ்கார்பிக் அமிலத்தை மட்டும் அளக்க, வேதியியலில் ஒரு தராசு உண்டு. அதற்குத் தரம்பார்த்தல் என்று பெயர். கல்லூரிகளில் டைட்ரேஷன் என்பார்கள்.

இதன் அடிப்படை எளிது. அயோடினைக் கண்டவுடன் வைட்டமின் சி அதனோடு வினைபுரிந்து அதன் நிறத்தைப் போக்கிவிடும். வைட்டமின் சி முழுவதும் தீர்ந்த பிறகு விழும் அயோடின் துளிக்கு வினைபுரிய எதுவும் இருக்காது. அது கரைசலில் உள்ள ஸ்டார்ச்சோடு சேர்ந்து கருநீல நிறத்தைக் கொடுக்கும். அந்த நிறம் வரும்வரை எவ்வளவு அயோடின் செலவானது என்பதே நமக்கு வேண்டிய கணக்கு.

ஆய்வகத்தில் இப்படிச் செய்கிறார்கள். 500 மி.கி. மாத்திரை ஒன்றைப் பொடித்து, கொதிக்கவைத்து ஆறிய காய்ச்சி வடித்த நீரில் கரைத்து 100 மி.லி. ஆக்குகிறார்கள். நீரைக் கொதிக்கவைப்பது அதில் கரைந்துள்ள ஆக்சிஜனை வெளியேற்றத்தான். ஆக்சிஜன் வைட்டமின் சி-யை அழித்துவிடும். இதிலிருந்து 20 மி.லி. எடுத்து, சிறிது நீர்த்த கந்தக அமிலமும் ஸ்டார்ச்சும் சேர்த்து, பியூரெட்டிலிருந்து 0.05 மோலார் அயோடின் கரைசலைத் துளித்துளியாக விடுகிறார்கள். குடுவையைக் கலக்கிய பிறகும் நீலநிறம் மறையாமல் நின்றால் அதுவே முடிவுநிலை.

இந்த அயோடின் கரைசலின் 1 மி.லி., 8.806 மி.கி. வைட்டமின் சி-க்குச் சமம். நாம் எடுத்த 20 மி.லி.யில் 100 மி.கி. இருக்க வேண்டும் என்பதால், சுமார் 11.36 மி.லி. அயோடின் செலவாக வேண்டும். 10.8 மி.லி.யிலேயே நீலம் வந்துவிட்டால்? 10.8ஐ 8.806ஆல் பெருக்கினால் 95.1. அதை 5ஆல் பெருக்கினால் மாத்திரையில் இருப்பது சுமார் 475 மி.கி.

இது மோசடியா? அவசரப்பட வேண்டாம். அமெரிக்க மருந்துத் தர நூல், எழுதப்பட்ட அளவில் 90 முதல் 110 விழுக்காடு வரை இருப்பதை ஏற்கிறது. மாத்திரைக்கு மாத்திரை சிறு வேறுபாடு இருக்கும் என்பதால், முறையான சோதனையில் பல மாத்திரைகளைச் சேர்த்துப் பொடித்தே எடுக்கிறார்கள். சல்பைட் போன்ற பதப்படுத்தும் பொருள் இருந்தால் அதுவும் அயோடினைச் செலவழித்து, வைட்டமின் கூடுதலாக இருப்பதுபோலக் காட்டும். இன்னொன்று, குறைவுக்குக் காரணம் நாமாகவும் இருக்கலாம். வெப்பம், ஈரம், காற்று மூன்றும் வைட்டமின் சி-யின் எதிரிகள். அடுப்படி அலமாரியில் மூடி சரியாக மூடாத டப்பாவில் கிடந்த மாத்திரை சத்து குறைந்துதான் இருக்கும்.

பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு இதையே ஒரு பாடமாக்கலாம். ஒரே வகை மாத்திரையில் புதியது ஒன்று, பழையது ஒன்று. இரண்டையும் சம அளவு நீரில் கரைத்து, கொஞ்சம் ஆறிய சோற்றுக் கஞ்சி விட்டு, புண்ணுக்குப் போடும் போவிடோன் அயோடினைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விடுங்கள். குறைந்த சொட்டிலேயே நீலமாவது எதுவோ, அதில் வைட்டமின் குறைவு. பெரியவர்கள் உடனிருக்க வேண்டும். சோதித்த நீரைக் கீழே ஊற்றிவிட வேண்டும்.

ஆனால் இந்தச் சொட்டுக் கணக்கை வைத்து, "இந்த மாத்திரை போலி" என்று வாட்ஸ்அப்பில் பரப்பிவிடக் கூடாது. வரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி ஸூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. உண்மையான சந்தேகம் இருந்தால் தொகுதி எண்ணையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு மருந்து ஆய்வாளரிடமோ உணவுப் பாதுகாப்புத் துறையிடமோ முறையிடுவதே சரியான வழி.

டப்பாவின் மேல் அச்சிட்ட எண் ஓர் அமானிதம். அதைக் காப்பது விற்பவரின் கடமை. அளந்து பார்க்காமல் பழி சொல்லாதிருப்பது நம் கடமை.