வேன் டயருக்கு மேலே என்ன இருக்கிறது?

முடிச்சூர் சாலையோரப் பட்டறையில் போன கோடையில் பார்த்த சுற்றுலா வேன் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மேல்மருவத்தூர் போய்த் திரும்பும்போது பின்சக்கர டயர் வெடித்திருக்கிறது. சக்கரத்துக்கு மேலிருந்த தகடு வாழைமட்டைபோல் கிழிந்து தொங்கியது. சீட்டுக்கு அடியில் ப்ளைவுட் பிளந்திருந்தது. ஆக்ஸிலைச் சுற்றிக்கொண்ட ரப்பர் பட்டையிலிருந்து எஃகுக் கம்பிகள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. பிரேக் ஹோஸின் மேல்தோல் உரிந்து உள்ளிழை தெரிந்தது. இன்னும் கொஞ்சம் உரசியிருந்தால் பிரேக்கும் போயிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

ரேடியல் டயரில் பட்டனுக்கு, அதாவது சாலையைத் தொடும் வெளி ரப்பருக்கு, கீழே எஃகு இழைப் பட்டைகள் இருக்கின்றன. பட்டன் பகுதி பிய்ந்து ஒரு முனை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால், சக்கரம் சுற்றச் சுற்ற அது சாட்டையாக மாறுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வேன் சக்கரம் விநாடிக்குச் சுமார் பத்து முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அடி. பிரேக் ஹோஸ், வயரிங், டீசல் குழாய், ஏசி பைப் என்று பக்கத்தில் இருக்கும் எதுவும் தப்பாது. கேரவன் என்றால் தண்ணீர்த் தொட்டியும் கழிவுத் தொட்டியும்கூடப் பெரும்பாலும் வண்டியின் தளத்துக்கு அடியில்தான் இருக்கும்.

2000 ஜூலை 25 அன்று பாரிஸ் அருகே கான்கார்ட் விமானம் விழுந்ததும் இப்படித்தான். ஓடுபாதையில் கிடந்த உலோகத் துண்டு டயரைக் கிழித்தது; தெறித்த ரப்பர் எரிபொருள் தொட்டியின் அடியில் மோதியது. 113 பேர் இறந்தார்கள். பிறகு பொறியாளர்கள் டயரை மட்டும் மாற்றி நிறுத்திக்கொள்ளவில்லை. தொட்டிக்கு உள்ளே கெவ்லார் விரிப்பும் போட்டார்கள். நம் வேன்களுக்கும் இந்த இரண்டு காவலும் வேண்டும்.

முதலில் டயர். வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வைத்தால் வெடிக்காது என்று டிரைவர்கள் பலர் நம்புகிறார்கள். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. அதில் உண்டாகும் சூடுதான் அடுக்குகளைப் பிரிக்கிறது. தாம்பரத்தில் கிளம்பும் முன்பே, டயர் ஆறியிருக்கும்போது, கம்பெனி சொன்ன அளவுக்குக் காற்று அடிக்க வேண்டும். செங்கல்பட்டில் டீ குடிக்க நிறுத்தும்போது அளவு ஏறியிருக்கும். அது இயல்புதான், காற்றை இறக்கிவிடாதீர்கள்.

சுற்றுலா வண்டிகளுக்கு இன்னொரு பிரச்சினை உண்டு. சபரிமலை, வேளாங்கண்ணி சீசனில் ஆள் நிறைய ஏற்றி ஓடுகின்றன. மற்ற நாட்களில் காலி மனையில் வெயிலில் காய்கின்றன. படப்பிடிப்புக் கேரவன்களும் அப்படித்தான். பட்டன் தேயாமலே ரப்பர் முதுமையடைந்துவிடும். சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது; ஆனால் அந்த அளவு வயதைச் சொல்லாது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. ஐந்து வருடம் தாண்டினால் ஆண்டுதோறும் டயர் பற்றித் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து வருடம் ஆனதைக் கழற்றிவிடுங்கள். பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால் உள் டயரையும் பாருங்கள். அதில் காற்று இறங்கினால் வெளி டயர் இருமடங்கு சுமையைத் தூக்க வேண்டும்.

அடுத்தது, டயருக்கு மேலே இருப்பவை. பட்டறையில் சக்கரக் குழிக்குள் கெட்டியான எஃகுத் தகடு வைத்துத் தரலாம். முழுப் பாரம் ஏறி ஸ்பிரிங் அமுங்கும்போதும் டயர் அதில் உரசாத அளவு இடைவெளி வேண்டும். வயரையும் பைப்பையும் டயர் எட்டாத பக்கமாக நகர்த்திக் கட்டச் சொல்லுங்கள். பிரேக் ஹோஸை மட்டும் நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. இங்கிலாந்தில் கேரவன் வைத்திருப்பவர்கள் சிலர் ரிம்மின் நடுப்பள்ளத்தை நிரப்பும் எஃகு வளையம் போடுகிறார்கள். காற்றில்லாத டயர் ரிம்மைவிட்டுக் கழலாமல் இருக்க அது உதவும். காற்று குறைந்தால் டிரைவருக்கு எச்சரிக்கை தரும் சென்சார் இங்கேயே கிடைக்கிறது. என்னைக் கேட்டால் முதல் செலவு அதற்குத்தான்.

அப்படியும் ஜி.எஸ்.டி. சாலையில் வெடித்துவிட்டால் பிரேக்கை அழுத்தி மிதிக்கக் கூடாது. ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வண்டியின் வேகம் குறைந்தபின் இடது ஓரம் ஒதுங்குங்கள். ஸ்டெப்னி மாட்டியதும் கிளம்பிவிடாதீர்கள். குனிந்து டார்ச் அடித்து ஹோஸைப் பாருங்கள், ஈரம் கசிகிறதா என்று. மாட்டிய ஸ்டெப்னியின் நாலு இலக்கத்தையும் பாருங்கள்; பல வண்டிகளில் அதுதான் எல்லாவற்றிலும் பழைய டயர்.